கூடாரத்தில் ஆறிய காப்பி

14 மார்ச் 1978, செவ்வாய்க்கிழமை, இரவு மணி 10.40. விளாங்குடி.
குறிப்பு எண் 73: குமரேசன் செய்த பிழை

அரபு நாட்டு வேலையை விட்டு நேற்று ஊர் திரும்பிய பாண்டி, இன்று மாலை வீட்டுக்கு வந்தான். இரு நாட்டு அதிகாரிகள் எல்லைப் பேச்சு நடத்தும் பாலைவனக் கூடாரத்தில், அவனும் என் மகன் குமரேசனும் சமையலுக்கு இருந்தவர்கள். எல்லை தாண்டி வந்த கொள்ளையரிடம் ஒட்டகங்களையும் ஆட்களையும் இழந்த ஒரு குலத்தின் தலைவர், நியாயம் கேட்டு அங்கே வந்து அமர்ந்தாராம்.

"கேட்டது கெடைக்கிற வரைக்கும் காப்பியத் தொடாம வச்சிருக்கது அவுக வழக்கம்யா. நம்ம குமரேசன் ஆறிப்போச்சேன்னு அத எடுத்துக் கீழ ஊத்திட்டு, சூடா கொண்டாந்து வச்சுட்டான். அதிகாரிக முடியாதுன்னு சொல்லிட்டதா நெனச்சு அம்புட்டுப் பேரும் எந்திருச்சுப் போயிட்டாக," என்றான் பாண்டி.

"ஆறுன காப்பிய யாருப்பா குடிப்பா? எம்புள்ள செஞ்சதுல என்ன தப்பு?" என்றாள் என் மனைவி.

பாண்டி எழுந்துகொண்டான். வாசலில் செருப்பை மாட்டும்போது என்னிடம் மட்டும் சொன்னான்: "அன்னையிலருந்து ராத்திரியில கூடாரத்தச் சுத்தி ஆள் நடமாட்டம் இருக்குய்யா. நான் பயந்துதேன் வந்துட்டேன். அவனையும் வரச் சொல்லிருங்க."

வா என்று எழுதினால் அவனை அனுப்பமாட்டார்கள். தாயாருக்கு முடியவில்லை என்றால் அனுப்புவார்கள். அப்படியே எழுதிவிட்டேன். எழுதியது பலித்துவிடக் கூடாது.

காலைத் தபாலுக்கான உறையில் வைத்தவை: தாயார் எழுந்து நடக்க முடியாமல் கிடக்கிறாள் என்ற என் கடிதம், இன்று காலை அவளே கோவிலுக்கு நடந்துபோய் வாங்கிவந்த குங்குமம்.