பேனாக்கத்தியில் வீணை மெழுகு

1946 ஐப்பசி 20, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். கொடியில் போட்டதெல்லாம் ஈரம். சனிக்கிழமை சாயங்காலம் ரேடியோவில் என் வீணை. முதல் தடவை. அரை மணி நேரம்.

வீணைத் தண்டில் ஒரு பித்தளை மெட்டு நகர்ந்திருக்கிறது. நிஷாத ஸ்வரம் பேசாமல் முனகுகிறது. மெட்டைப் பிடித்திருக்கும் மெழுகை இளக்கிச் சரிசெய்ய ஆத்துக்காரருடைய பேனாக்கத்திதான் தோது. சீமைச் சரக்கு, கொம்புப் பிடி, பெரிசும் சின்னதுமாக இரண்டு அலகு. ஆபீசில் பென்சில் சீவ, ஆரஞ்சு உரிக்க, எல்லாவற்றுக்கும் அவருக்கு அதுதான். இன்று மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார்.

சின்ன அலகைக் குமுட்டி அடுப்பில் சிவக்கக் காய்ச்சி மெழுகில் இழுத்தேன். மெட்டு உட்கார்ந்தது. நிஷாதம் வாயைத் திறந்தது. அதற்குள் வாசலில் பால்காரன். அவசரத்தில் அலகைத் துடைக்காமல், ஒட்டிய மெழுகோடு மடக்கி மாடத்தில் வைத்துவிட்டேன்.

அன்றே, விளக்கு வைத்த பின்

அவர் வருவதற்குள் துடைத்து வைக்கலாம் என்று எடுத்தால் திறக்கவில்லை. மெழுகு கீலுக்குள் இறங்கிக் கல்லாகிவிட்டது. அலகில் நகம் மாட்ட ஒரு பள்ளம் உண்டு. எல்லாரும் கட்டைவிரல் நகத்தால் திறப்பார்கள். வீணைக்காரிக்குக் கட்டைவிரலில் நகம் ஏது? வளர்ப்பதெல்லாம் மீட்டுகிற ஆள்காட்டிவிரலிலும் நடுவிரலிலும்தான். புத்தி கெட்டுப்போய் ஆள்காட்டி நகத்தை விட்டு நெம்பினேன்.

'டக்'. கத்தி திறந்தது என்றுதான் முதலில் நினைத்தேன். நகம் நடுவில் பிளந்து சதை வரை போயிருந்தது.

உட்கார்ந்து அழுதேன். சனிக்கிழமைக்குள் எங்கே வளர?

ஐப்பசி 21, புதன்

மழை இல்லை. புழுக்கம். அவரிடம் சொல்லியாகிவிட்டது.

"ஏண்டி, மெழுகு இளக்க என் கத்திதானா கெடச்சுது? ஆத்துல தோசைத்திருப்பி இல்லையா?"

பிறகு விரலைப் பார்த்தார். "ஒடம்பு சரியில்லேன்னு ரேடியோக்காராளுக்குச் சொல்லி அனுப்பிடட்டுமா?"

"வேண்டாம்னா. வாசிக்கறேன்."

வீராப்பாகத்தான் சொன்னேன்.

நகத்துக்குப் பதில் விரலில் கம்பி வளையம் மாட்டி வாசித்துப் பார்த்தேன். தகரம் தட்டுகிற சத்தம். கழற்றிப் போட்டேன். வெறும் சதையால் மீட்டினேன். நாதம் சின்னது, ஆனால் மோசமில்லை. சங்கடம் வேறு: ஆள்காட்டி முணுமுணுக்கிறது, நகமுள்ள நடுவிரல் கத்துகிறது. ஒரே வரியில் இரண்டு பேர் பாடுகிறாற்போல. நடு நகத்தையும் வெட்டினால்தான் சமமாகும். நல்ல நகம். இன்று மனசு வரவில்லை.

ஐப்பசி 22, வியாழன்

ராயப்பேட்டை. காசிம் பாயின் சாணைக் கடை. எடுத்துப்போனது: கத்தி, குடை, வீணையிலிருந்து கழற்றிய பழைய பித்தளைத் தந்தி ஒரு துண்டு.

பாய் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னாம்மா இது, கத்தியா மெழுவத்தியா?"

வெந்நீரில் போட்டு, மண்ணெண்ணெய் விட்டு, கோழி இறகால் கீலைக் குடைந்தார். கறுப்புக் கறுப்பாக வந்தது. அலகு திறந்தது. எனக்குப் போன மூச்சு வந்தது.

"நெருப்புல காட்டிக்கீறீங்க. சின்ன அலகு பதம் பூடுச்சு, இனிமே கூர் நிக்காது. பெரிசு நல்லா கீது."

இனி நகமே படாமல் திறக்க வேண்டும். அலகில் ஒரு துளை போட்டு இந்தத் தந்தியை வளையமாகக் கோத்துத் தாருங்கள் என்றேன். இரண்டு அலகுக்குமா என்றார். பெரிசைத் தொட வேண்டாம், சின்னதற்கு மட்டும் என்றேன். மெழுகு வேலைக்குக் கூர் எதற்கு?

"இன்னாத்துக்கும்மா வளையம்? கத்திக்கு மூக்குத்தியா?"

விரலை நீட்டிக் காட்டினேன். "அல்லா!" என்றார். அப்புறம் கேலி இல்லை.

துளை போடும்போது அவருக்கே சிரிப்பு. "நல்ல இரும்பா இருந்தா துரப்பணம் ஒடிஞ்சிருக்கும். நீங்க சுட்டுக் கெடுத்தீங்களா, நெய்யாட்டம் எறங்குது." கெடுத்ததிலும் ஒரு லாபம்.

பெரிய அலகுக்குச் சாணை. கீலுக்குத் தேங்காயெண்ணெய் கூடாதாம், பிசுக்குப் பிடிக்குமாம். தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு.

வீட்டுக்கு வந்ததும், யோசித்தால் கை வராது என்று, பெரிய அலகால் நடு நகத்தைச் சீவிவிட்டேன். போயிற்று. அவர் வந்து வளையத்தைப் பார்த்தார். திறந்தார், மடக்கினார், மறுபடி திறந்தார். திட்டியிருந்தால் தேவலை.

ஐப்பசி 23, வெள்ளி

சாதகம், சாதகம். விரல் நுனி எரிகிறது. மறந்துபோய் ரசத்துக்கு மிளகாய் கிள்ளித் தொலைத்தேன்.

ஐப்பசி 24, சனி

முடிந்தது. அப்பாடா. முடிந்தது!

ஜட்காவில் வீணையை மடியில் போட்டுக்கொண்டு போனேன். அவர் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு, என்னை நனையவிட்டு வீணையை மட்டும் காப்பாற்றினார். உள்ளே கண்ணாடி அறை. சிவப்பு விளக்கு எரிந்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. நல்லவேளை, பாடச் சொல்லவில்லை. முதல் கீர்த்தனை எப்படிப் போயிற்று என்றே தெரியாது. இரண்டாவதில் கை தானாக ஓடியது.

வெளியே வந்ததும், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காதில் கருவி மாட்டிக்கொண்டு கேட்கிற பையன் ஓடிவந்தான். என்ன குறையோ என்று எனக்குப் பயம்.

"மாமி, வீணைன்னா நகம் தந்தியில கீச்சறது மைக்ல பெரிசா விழும். எங்களுக்குத் தலைவேதனை. இன்னிக்கு ஒரு கீச்சு இல்லை. என்ன பண்ணேள்?"

"நகத்தை வெட்டிண்டேன்."

"எதுக்கு?"

"பேனாக்கத்தி திறக்கலை."

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. தை மாதம் மறுபடி வர வேண்டுமாம். சிரித்துக்கொண்டே வண்டி ஏறினேன். இத்தனை லேசாக இருந்து எத்தனை காலமாயிற்று.

ஐப்பசி 25, ஞாயிறு

வெயில். நன்றாகத் தூங்கினேன். காப்பி குடித்துவிட்டு அவர் பேனாக்கத்தியோடு உட்கார்ந்தார். கீலில் எண்ணெய் விட்டுத் துடைத்தார். வளையத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்.

"இது இனிமே ஒன் வீணைப் பொட்டியிலயே இருக்கட்டும். பென்சிலுக்கு நான் வேற பாத்துக்கறேன்."

நேற்று வாசித்ததைப் பற்றி அவர் சொன்னது இவ்வளவுதான். கையை நீட்டினேன். கொடுக்காமல் தரையில் வைத்தார்.

"கத்தியைக் கையில குடுக்கப்படாது. சண்டை வரும்."

கல்யாணமான நாளிலிருந்து கத்தி இல்லாமலே போட்டுக்கொண்டிருக்கிறோம். குனிந்து எடுத்துக்கொண்டேன்.