ஹோல் வயரில் போன டேட்டா

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி? வெள்ளவத்தை வீட்டில் இன்டர்நெட் பழுது. என் போன் ஹொட்ஸ்பொட்டை வீட்டு ரவுட்டரோடு இணைத்து, அதிலிருந்து வரும் வயரில்தான் என் அறைக் கம்ப்யூட்டரில் வகுப்புப் பார்க்கிறேன். ஆனால் மத்தியானத்துக்குள் டேட்டா முடிந்துவிடுகிறது. பின்னேரம் உங்களோடு கதைக்க மிஞ்சுவதில்லை.

முதலில் பக்கத்து அறைத் திலக்ஷன் அண்ணாவைத்தான் சந்தேகித்தேன். வைஃபை பாஸ்வேர்டை ‘கள்ளன்திலக்ஷன்’ என்று மாற்றினேன். பிறகும் டேட்டா கரைந்தது. வயரில் வருபவரிடம் ரவுட்டர் பாஸ்வேர்ட் கேட்காது என்பது அப்புறம்தான் உறைத்தது.

நேற்று ரவுட்டரிலிருந்து வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, யார் கத்துகிறார்கள் என்று காத்திருந்தேன். கூடத்தில், அதாவது ஹோலில், இருக்கும் கம்ப்யூட்டரின் வயரைக் கழற்றியதும் வீட்டுக்கார ஜீவராணி அன்ரியின் குரல் வந்தது.

“எட தம்பி, உன்ர அம்மா வீடியோவில கதைச்சுக்கொண்டிருந்தவ! அப்பிடியே நிண்டிட்டா!”

“தினமும் கதைக்கிறவவோ, அன்ரி?”

“ஓம், நீ சாப்பிட்டனியோ எண்டு கேக்கத்தான்.”

நான் ஒதுக்கிய புடலங்காய் உங்களுக்கு எப்படித் தெரியவந்தது என்று இப்போது விளங்குகிறது. இதை அன்ரிக்குத் தெரியாமல் தாளில் எழுதுகிறேன். கொஞ்சம் பருத்தித்துறை வடை அனுப்புங்கள். அன்ரி சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறார், ஓடுகிறேன். இனி என்னிடமே கேளுங்கள், அம்மா. நான் பொய் சொன்னாலும் என் முகத்தையாவது பார்க்கலாம்.

மிதுஷன்