தளபதிக்கு அடித்த பெயிண்ட்

பிப்ரவரி 6

தங்கச்சி மகள் சுஹா ஒரு பெட்டியை நீட்டினாள். நாலு மாதம் முன்பு மவுத்தாகி மண்ணுக்குப் போன அவள் தம்பி நுஃமானுடையது. கட்டைவிரல் உயரப் பிளாஸ்டிக் போர்வீரர்கள், இருபத்துமூன்று பேர். மேசையில் வைத்துச் சண்டை விளையாடுவானாம். ஒருத்தனுக்கும் பெயிண்ட் அடிக்காமலே போய்விட்டான்.

"மொதல்ல பிரைமர் அடிக்கணும் மாமா. எந்த ஸ்ப்ரே நல்லது?"

"நான் அடிச்ச வள்ளம் மின்னுற மின்னுல இலங்கைக்காரனுக்குக் கண்ணு கூசுது. எங்கிட்டயா புள்ள கேக்குறே?"

நாலு மாதத்துக்குப் பிறகு சிரித்தாள். அதற்காகவே இன்னும் நாலு பொய் சேர்த்தேன்.

பிப்ரவரி 8

பைக்குக்கு அடிக்கிற ஸ்ப்ரே டப்பாவே போதும். பிரைமர் எதற்கு? கூட்டத்தில் வாளோடு முன்னால் நின்ற தளபதிக்கு முதல் மரியாதை. விடியும்போதே கீழக்கரைப் பட்டறையில், வள்ளத்துக்கு அடிப்பதுபோல் மூன்று கை, கனமாக.

பிப்ரவரி 9

பூத்துவிட்டது. ஈரக்காற்றில் அடித்தால் பெயிண்ட் வெள்ளை வெள்ளையாய்ப் பூக்கும் — தொழிலுக்கு வந்த முதல் வாரமே படித்த பாடம். பெருமையில் மறந்தேன். கண்ணும் மூக்கும் பெயிண்டுக்குள் போச்சு. தின்னர் போட்டுத் துடைத்தேன். மூஞ்சியே கரைந்து துணியோடு வந்தது.

என்னை நானே ஏசிக்கொண்டேன்: பிளாஸ்டிக்டா காஜா. மரமா அது?

பிப்ரவரி 10

"டப்பா மட்டச் சரக்கு" என்று சுஹாவிடம் ஆரம்பித்தேன். அவள் காதிலேயே வாங்கவில்லை.

"இந்த ஒரு மூஞ்சிய மட்டும் அவனே பட்டிப் பசையைப் பிசைஞ்சு வச்சுச் செஞ்சான் மாமா. சொட்டைத் தலை, ஓட்டைப் பல்லு... யாருண்டு பாக்கலியா நீங்க?"

பார்க்கவில்லை. அடிக்கிற அவசரம்.

"நீங்கதான்."

பிப்ரவரி 11

ஏலே நுஃமான், என்னையாடா தளபதியாக்கினே? எந்தச் சண்டையிலடா நான் —

பிப்ரவரி 17

மதுரையில் இந்தப் பொம்மைகளுக்கென்றே ஒரு கடை. "என்ன தொழில் பாய்?" என்றார் கடைக்காரர். நாற்பது வருஷப் பெயிண்டர் என்று வாயெடுத்தவன், "இதப் பத்தி ஒண்ணுந் தெரியாதுங்க" என்றேன்.

"சாம்பல் பிரைமர், மினுக்கமில்லாதது. ஒரு சாண் தள்ளிப் பிடிங்க. பொகை படுற மாதிரி அடிச்சாப் போதும். காஞ்ச பெறகு மேல கலர்."

எழுதி வாங்கிக்கொண்டேன்.

பிப்ரவரி 19

உச்சி வெயிலில் மீதி இருபத்திரண்டு பேர். மெல்லிசாக அடித்தேன். காய்ந்ததும் பச்சை, நுஃமான் பெட்டி மூடியில் எழுதி வைத்திருந்த நிறம். ஒவ்வொருத்தன் கண்ணும் தெரிகிறது.

பிப்ரவரி 20

சுஹா எல்லோரையும் வரிசையாக நிறுத்தினாள். முகமில்லாதவனை முன்னால் வைத்தாள்.

"தளபதி எந்தச் சண்டையில ஜெயிச்சாரு மாமா?"

கதை சொல்வேன் என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுலயும் இல்ல புள்ள. அந்த மூஞ்சிய அழிச்சது டப்பா இல்ல, நான்தான்" என்றேன்.