பெயர் போடாத சேர்வர்

இன்று தேவாலயத்தில் காலைப் பூசையில் என் தலைக்கு மேலே புது மின்விசிறி சுற்றியது. அதன் மூன்று தகட்டிலும் அன்பளித்த குடும்பத்தின் பெயர். சுற்றும்போது ஒரு எழுத்தும் தெரியாது, நிறுத்தினால்தான் வாசிக்கலாம். நீ பக்கத்தில் இருந்திருந்தால், "காத்து வேணுமோ, பேர் வேணுமோ எண்டு கேட்டுச் சொல்லடி" என்று என் காதைக் கடித்திருப்பாய். சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. பூசை முடிவதற்குள் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

நம் ஊரில் ஒருவரிடம் காசு வாங்கிவிட்டுப் பெயர் போடாமல் விடலாமா? நீ விட்டாய். இணையத்தில் ஒருவர் யார், எங்கிருந்து வருகிறார் என்று எவரும் கண்டுபிடிக்க முடியாதபடி மறைத்து அனுப்பும் வலையமைப்பு ஒன்றுக்காக நீ காசு சேர்த்தாய். உலகெங்கும் தன்னார்வலர்கள் அதற்குச் சேர்வர்கள், அதாவது இரவு பகலாக ஓடும் கணினிகள், நடத்துகிறார்கள் என்றாய். அதில் ஒன்றை வெளிநாட்டில் வாடகைக்கு எடுத்தாய். அந்த வாடகைக்காக ஓலைத்தொடுவாயிலிருந்து அடம்பன் வரை தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டுத் திரிந்தாய். உன் ஸ்கூட்டியின் பின்னால் நான். பாதிப்பேருக்கு ஒன்றும் விளங்கவில்லை, உன் முகத்துக்காகத் தந்தார்கள். எனக்கும் அப்படித்தான், போ.

நானாட்டானில் டிராக்டர் வைத்திருந்த ஐயாவை நினைவிருக்கிறதா? காசு தந்த மறுநாளே, பூ வைத்த சட்டத்துக்குள் தன் படத்தைப் போட்டு, சேர்வர் அன்பளிப்பு என்று முகநூலில் அறிவித்துவிட்டார். ஆட்களை மறைக்கத் தந்த காசுக்குத் தன் முகத்தையே பெரிதாகப் போட்ட மனுசன்! நீ சண்டை பிடிக்கவில்லை. அவர் வீட்டுக்குப் போய்த் தேநீர் குடித்து, நாளைக்கு யாரும் விசாரிக்க வந்தால் உங்களிடம்தான் வருவார்கள் ஐயா என்று பக்குவமாகச் சொல்லி, அதை அழிக்க வைத்துவிட்டு வந்தாய்.

நோய்க்கு உன்னைக் கொண்டுபோக ஒரு மாரிகாலம் போதுமாக இருந்தது. முப்பத்தோராம் நாள் செபம் முடிந்து எல்லோரும் போன பின், உன் அம்மா என்னைக் கதிரையில் இருத்திக் கையில் காசை வைத்தார்.

"அவள் நடத்தினதை விட்டுடாத பிள்ளை. அவளின்ர பேரைப் போட்டுவிடு."

போட்டேன் என்று பொய் சொல்லியிருக்கலாம். அவர் பார்க்கவா போகிறார்? வாய் வரவில்லை. பெயர் போட்டால் வீடு தேடி விசாரணை வரலாம், உனக்கும் அது பிடிக்காது என்றேன். பெற்ற பிள்ளைக்கு ஒரு பெயர்கூடப் போடக் கூடாதோ என்று கோபப்பட்டு அழுதார். எனக்கு உன்மேல்தான் ஆத்திரம் வந்தது. இதையெல்லாம் என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாயேடி.

அழுது ஓய்ந்தபின் கேட்டார்: "ஆர் பிள்ளை அதைப் பாவிக்கினம்?"

"தெரியாது அம்மா. ஆருக்கும் தெரியவராது."

அம்மா சுவரைப் பார்த்தார். யுத்தத்தின் கடைசியில் காணாமற்போன உன் அண்ணனின் படம் அங்கே இருந்தது. அந்தப் படத்துக்கு இத்தனை வருடமும் அவர் மாலை போட விட்டதில்லை.

"அப்ப, எங்கையாவது இருந்து என்ர பெடியனும் பாவிக்கலாம், என்ன?"

"இல்லையெண்டு என்னால சொல்லேலாது அம்மா."

"அப்ப பேர் வேண்டாம்."

நீ அலைந்தது இதற்காகத்தானா? என்னிடம் ஒருநாளும் சொல்லவில்லையே. இப்போது மாதாமாதம் வாடகையை நான்தான் கட்டுகிறேன். கட்டியதும் அம்மாவுக்கு அழைப்பேன். உன்னைப் பற்றியும் பேசமாட்டார், அண்ணனைப் பற்றியும் பேசமாட்டார். ஒன்றை மட்டும் கேட்பார்:

"நிப்பாட்டேல்லைத்தானே, பிள்ளை?"