சீமை வாட்டர் பம்ப்

பர்மிங்காம், 12.2.1995

அன்புள்ள நைனாவுக்கு, கோவர்த்தன் வணக்கம். நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி தேவலையா?

உங்கள் பழைய மோரிஸ் மைனர் காருக்கு, "உள்ளூர் சாமான் ஆகாது கண்ணு, சீமையிலயே ஒரு வாட்டர் பம்ப் வாங்கியனுப்பு" என்றீர்களே, அதற்காகச் சனிக்கிழமைதோறும் மழையில் அலைந்தேன். கடைசியில் ஒரு பழைய சாமான் கடைக்காரர் புதுப் பெட்டி ஒன்றை நீட்டினார். இங்கே இப்போது யாரும் இதைச் செய்வதில்லையாம். பெட்டியில் 'கணபதி, கோயமுத்தூர்' என்று அச்சிட்டிருக்கிறது. ஏனுங்க நைனா, அது நம் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரம்தானுங்களே?

பம்பை அங்கேயே வைத்துவிட்டேன். அதைச் சுற்றியிருந்த தமிழ்ப் பேப்பரை மட்டும் கேட்டு வாங்கிவந்தேன். வரன் விளம்பரம் வரை படித்தாயிற்று.

வேலைக்கு நேரமாகிவிட்டது. அம்மா ஊறுகாய் அனுப்பினால் பாட்டிலைப் பேப்பரில் சுற்றச் சொல்லுங்கள். நிறையச் சுற்றச் சொல்லுங்கள்.

கோவர்த்தன்