மலை பேசி முடிக்கும்வரை காத்திருந்த மாப்பிள்ளைக்கு

அன்பு மாப்ளே,

நாளைக்கு உனக்குக் கருமாதி. சடங்கு முடிந்ததும் படத்திறப்பு. உன் படத்தைத் திறந்துவைத்து நான்தான் பேச வேண்டுமாம். "யாரு வேணாலும் பேசலாம்ணே, ஆனா அவுகளப் பத்தி ஒனக்குத்தான் தெரியும்" என்று தங்கச்சி ஒற்றைக்காலில் நிற்கிறாள். எனக்குத் தங்கச்சியாக இருந்தவரை அவளுக்கு இவ்வளவு பிடிவாதம் கிடையாது. உனக்குப் பெண்டாட்டியான பிறகு வந்ததுதான்.

போடியில் இருபது வருஷமாக மைக்செட் போடுகிறவன் நான். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதுவானாலும் முதல் பேச்சு என்னுடையதுதான். "அலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ." அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஆனால் கேட்டுக் கேட்டுக் காது காய்த்துப்போயிருக்கிறது. ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் இருப்பவனுக்குப் பேசுகிறவர் முதுகுதான் தெரியும். கூட்டத்தின் முகம் முழுசாகத் தெரியும். மேடையில் ஒருத்தர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பார். பின்வரிசைப் பெண்கள் பிள்ளையை இடுப்பில் போட்டுக்கொண்டு நைசாகக் கிளம்புவார்கள். அவர்கள் எழுந்திருக்காத பேச்சுதான் பேச்சு என்பது என் கட்சி.

நீ என்ன பெரிய பேச்சாளனா? நீ ஒரு வாக்கியம் சொல்லி அடுத்ததுக்கு வருவதற்குள் ஒரு தரம் வெற்றிலை போட்டுவிடலாம். அப்படிப்பட்ட நீ பேசும்போது அன்றைக்கு எப்படி ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை?

பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. குரங்கணிக்கு மேலே நம்ம ஊருக்கு அப்போது ஜீப்பு வராது. ஒற்றையடிப் பாதைதான். ஏலக்காய் மூட்டையானாலும் சீக்காளியானாலும் ஆள் சுமந்துதான் இறங்க வேண்டும். பாதையை அகலப்படுத்த வேண்டுமானால் ஓரத்து நிலக்காரர்கள் பன்னிரண்டு பேரும் கொஞ்சம் கொஞ்சம் இடம் விட்டுக் கையெழுத்துப் போட்டாக வேண்டும், ஒருத்தர் மறுத்தாலும் ரோடு கிடையாது என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். பாதிப் பேர் யோசித்துக்கொண்டிருந்தார்கள். அதற்காகத்தான் நீ அந்தக் கூட்டத்தைப் போட்டாய்.

தோட்டத்தில் இருந்து வேலை முடிந்து இறங்குகிறவர்களுக்கும் கேட்கட்டும் என்று நான் குழாய் ஸ்பீக்கர் ரெண்டையும் மலையைப் பார்த்துக் கட்டித் தொலைத்தேன். கீழே இருந்து நீ கூட்டி வந்த பேச்சாளர் அடுக்கடுக்காகப் பொழிந்தார். அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எதிர்ப் பாறையில் முட்டித் திரும்பி, அடுத்த சொல்லின் தலையில் விழுந்தது. ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அவர் இன்னும் வேகமெடுத்தார். பின்வரிசை எழுந்துவிட்டது.

அப்புறம் நீ மைக்கைப் பிடித்தாய். "நேத்து மூட்டை தூக்கி எறங்குனவுக யாரு?"

மலையும் அதையே கேட்டது. அது கேட்டு முடிக்கும்வரை நீ வாயைத் திறக்கவில்லை. கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன.

"எந்த எடத்துல கால் வழுக்குச்சு?" மறுபடியும் காத்திருந்தாய்.

"ஓடக்கரையில!"

"பாறைக்குக் கீழ அப்பு! போன மாசம் எங்க ஆத்தாவ அங்கனதான் கீழ போட்டாக!"

எழுந்தவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். உனக்குப் பேச வேலையே இல்லை. ஓடை, பாறை, வளைவு என்று அவர்களே பாதை முழுக்க இறங்கிக்கொண்டிருந்தார்கள். வளைவு தாண்டினால் அடுத்தது என் இலவந்தோப்பு.

எட்டு மரம் போகும் என்று அன்று காலையில்தான் உன் முகத்துக்கு நேரே "முடியாது" என்று சொல்லியிருந்தேன். அது உனக்கு மட்டும்தான் தெரியும். "அடுத்தாப்ல அந்த இலவந்தோப்பு..." என்று ஒரு பெண் ஆரம்பித்தாள். நீ திரும்பி என்னைப் பார்த்தாய். இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் ஊரே என் பக்கம் திரும்பியிருக்கும். கைதட்டல் காதைப் பிளந்திருக்கும். சத்தத்தை ஒரேயடியாகக் குறைத்துவிடலாமா என்று திருகில் கைவைத்தேன் மாப்ளே. இதை உன்னிடம் சொன்னதே இல்லை.

"போதும் ஆத்தா. இருட்டுறதுக்குள்ள வெரசா வீடு போய்ச் சேருங்க. காலைல சோலி கெடக்கு" என்று நீ இறங்கிவிட்டாய்.

"கூட்டம் கைக்குள்ள இருக்கும்போது விட்டுட்டியேப்பா!" என்று பேச்சாளர் உன்னைக் கடிந்துகொண்டார். நீ சிரித்துக்கொண்டே எனக்கு ஒயரைச் சுற்றித் தந்தாய். தோப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

மறுநாள் விடிந்ததும் உன் வீட்டுக்கு வந்தேன். நீ மனுவை எடுத்து நீட்டினாய். யோசித்துக்கொண்டிருந்தவர்களும் ராத்திரியே போட்டுவிட, மற்ற பதினொரு பேர் கையெழுத்தும் இருந்தது. நான் தாளின் அடியில் இடம் தேடினேன்.

"அங்கன இல்ல மச்சான். மேல பாரு."

முதல் வரி காலியாக இருந்தது.

எப்போது விட்டுவைத்தாய்? நான் முடியாது என்பதற்கு முன்னாலா, பின்னாலா? எந்தத் தைரியத்தில்? கேட்க வெட்கப்பட்டே காலத்தைக் கடத்திவிட்டேன். இனி யாரைக் கேட்பேன்?

அந்த முதல் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, ரோடு போட்ட அன்று "மொத ஆளா எடம் குடுத்தவரு" என்று எனக்கு மாலை போட்டார்கள். நீயும் சேர்ந்து கை தட்டினாய். நான் வாங்கிக்கொண்டேன். இன்றுவரை அதைக் கழற்றவில்லை.

இப்போது ஜீப்பு உன் வாசலில் நின்று லோடு ஏற்றுகிறது. உன்னையும் அதே ரோட்டில்தான் போடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தோப்பைத் தாண்டும்போது கண்ணைத் திறந்து, "எட்டு மரமும் போச்சுல்ல மச்சான்" என்றாய். அந்த வலியிலும் உனக்குக் கிண்டல். அதற்கப்புறம் நீ என்னோடு பேசவில்லை.

நல்ல பேச்சுக்கு என்னென்னவோ சொல்கிறார்கள், குரல், தமிழ், கதை என்று. எல்லாம் வேண்டியதுதான். ஆனால் அன்றைக்கு நீ விழுங்கிய அந்த ஒரு கேள்விதான் என்னை மறுநாள் உன் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியது.

நாளைக்கும் குழாயை மலையைப் பார்த்தே கட்டப்போகிறேன், தெரிந்தேதான். வாக்குத் தருகிறேன் மாப்ளே. "கடைசியாக் கையெழுத்துப் போட்டவன் நான்" என்றுதான் ஆரம்பிப்பேன். மலையும் அதைச் சொல்லி முடிக்கட்டும், தலைகுனியாமல் நின்று கேட்கிறேன்.

உன் பெண்டாட்டிக்கு அண்ணன்,
உனக்கு என்றைக்கும் மச்சான்.