ஆறு மணிக்குப் பிறகும் வீடு பார்க்கப் போவேன்

ஆரையம்பதி,
ஞாயிறு காலை.

அன்பு மகன் நிலோஜனுக்கு,

நானும் அப்பாவும் குறையில்லாமல் இருக்கிறோம், அந்த வெக்கைக்குள் நீயும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டுமென்று பிள்ளையாரை மன்றாடிக்கொண்டு இதை எழுதத் தொடங்குகிறேன். அப்பாவின் இடுப்பு நோ இப்போது பரவாயில்லை, ஊன்றுகோல் இல்லாமல் கிணற்றடிவரை போய் வருகிறார், ஏணியில் ஏற மட்டும் டாக்டர் இன்னும் விடவில்லை, இனி விடவும் மாட்டார் போலிருக்கிறது. போனில் கதைக்காமல் ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போன மாதம் நீ எடுத்தபோது பெரியப்பா சொன்னதையெல்லாம் அப்படியே ஒப்புவித்துவிட்டு, இனி ஆறு மணிக்குப் பிறகு யாருடைய வீட்டுக்கும் எஸ்டிமேட் பார்க்கப் போகக்கூடாது என்று எனக்குக் கட்டளை போட்டாய். நான் வாய் திறக்க முதல் டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டாய். கடிதமென்றால் நான் சொல்லி முடிக்கும்வரை நீ கேட்டுத்தான் ஆகவேண்டும். பின்வீட்டுத் தக்ஷாயினியின் மாப்பிள்ளை லீவு முடிந்து டோஹாவுக்கு வருகிறார், அவர் கையில் இதையும் கொஞ்சம் வறுத்த கூனி இறாலையும் கொடுத்துவிடுகிறேன்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், பெரியப்பா உனக்குப் பாதிதான் சொல்லியிருப்பார். அப்பா கட்டடச் சாரத்திலிருந்து விழுந்த பிறகு, வீடு திருத்துகிற கொந்தராத்தை விட்டுவிடுங்கள் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். மேசன் ரதீஸும் கூட்டாளிகளும் வேலை செய்யத் தயாராக இருந்தார்கள், ஆனால் வீட்டை முதலில் போய்ப் பார்த்து என்ன பழுது, என்ன சாமான் வேண்டும், எத்தனை நாள் பிடிக்கும் என்று சொல்ல ஒரு ஆள் வேண்டுமே. நீ பிறக்க முதலே அப்பாவோடு வேலைத்தளங்களில் நின்றவள் நான், கலவையும் ஓட்டுக்கணக்கும் எனக்குப் புதிதில்லை. நான் போகிறேன் என்றேன், அப்பா சரி என்றார். தொடக்கத்தில் பகலில்தான் போனேன். பகலில் போய் என்ன கண்டேன், பூட்டின கேற்றையும் குரைக்கிற நாயையும்தான். நமக்கு வேலை தருகிறவர்கள் டீச்சர்மாரும் நேர்ஸ்மாரும் கச்சேரியில் அரசாங்க வேலை பார்க்கிறவர்களும், அவர்கள் வீட்டுக்கு வந்து சேரவே பொழுது சாய்ந்துவிடும். யாராவது லீவு போட்டுக் காத்திருந்தாலும் புருசன் இருக்கிற நாளில் மனைவி இருக்கமாட்டார். புருசன் காட்டின இடத்தில் சுவரை உடைக்கக் குறித்துக்கொண்டு வந்தால் மறுநாள் மனைவி போன் எடுத்து அந்தப் பக்கம் கை வைக்கவே கூடாது என்பார். பின்னேரம் போனால் இரண்டு பேரும் இருப்பார்கள், என் முன்னாலேயே வாக்குவாதப்பட்டு ஒரு முடிவுக்கு வருவார்கள், நான் அளந்து படமெடுத்துக்கொண்டு வருவேன், சாப்பாட்டுக்கு முன் அப்பா மேசையில் வைத்து அதற்குக் கணக்குப் பார்ப்பார். இப்படித்தான் பின்னேர எஸ்டிமேட் தொடங்கியது, இதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

காத்தான்குடியில் ஸில்மியா என்று ஒரு டீச்சர் இருக்கிறார். கணவர் சவூதியில், இரண்டு பெண்பிள்ளைகளோடு அவர் தனியே இருக்கிறார். குளியலறைப் பைப் உடைந்து தண்ணீர் சுவருக்குள்ளால் ஊறிப் படுக்கையறைக்கு வந்துவிட்டது. பகலில் அவர் பள்ளிக்கூடத்தில், பின்னேரத்தில் தெரியாத ஆண்களை வீட்டுக்குள் எடுக்க அவருக்கு விருப்பமில்லை, அவருடைய வீடு, அவருடைய விருப்பம். அதனால் போன மாரியிலிருந்து அந்தச் சுவர் ஊறிக்கொண்டே கிடந்திருக்கிறது, பிள்ளைகள் கட்டிலை இழுத்து இழுத்து நடு அறைக்கே கொண்டுவந்துவிட்டார்கள். மஃரிப் தொழுகை முடிந்ததும் வருகிறேன் என்று போனில் சொல்லிவிட்டுப் போனேன். கதவைத் திறந்தவர் எனக்குப் பின்னால் எந்த ஆம்பிளை நிற்கிறார் என்று எட்டிப் பார்த்தார், ஒருவருமில்லை. நீங்கள்தான் பார்ப்பதா என்று கேட்டார். நான்தான் என்று சொல்லிவிட்டு டோர்ச்சை அடித்துக்கொண்டு உள்ளே போனேன். அந்த வேலையை ரதீஸ் ஆட்கள் பள்ளிக்கூட விடுமுறைக்குள் முடித்துக் கொடுத்தார்கள், அதன் பிறகு அவர் சொல்லிச் சொல்லி எனக்கு வருகிற அழைப்புகளில் பெரும்பாலும் பெண்களின் அழைப்புத்தான். இதை நீ யோசித்துப் பார்த்தாயா மகன்? நான் ஆறு மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் இருந்தால் அந்தப் பெண்களின் வீட்டுச் சுவரை யார் போய்ப் பார்ப்பது?

கண்டபடி திரிகிறேன் என்று நினைக்காதே. ஒரு பின்னேரத்தில் இரண்டு வீட்டுக்கு மேல் எடுப்பதில்லை. வாவிக்கு இந்தப் பக்கம் எழுவான்கரை வீடுகளுக்கு ஒரு நாள், அந்தப் பக்கம் படுவான்கரை வீடுகளுக்கு வேறு நாள். வெளிக்கிட முன் போன் எடுத்து உறுதி செய்வேன், போய்ச் சேர்ந்தால் அப்பாவுக்கு ஒரு மிஸ்ட் கோல், திரும்பும்போது இன்னொன்று. வெள்ளாமை விளைகிற காலத்தில் வவுணதீவுப் பக்கம் யானை இறங்கும், அந்த நாட்களில் மட்டும் அங்குள்ளவர்களை நேரத்தோடு வீட்டுக்கு வரச் சொல்லி, வெளிச்சம் இருக்கும்போதே பாலத்தைக் கடந்துவிடுவேன். யானைக்காக நேரத்தை மாற்றியிருக்கிறேன். ஊராரின் வாய்க்காக மாற்றமாட்டேன்.

இனிப் பெரியப்பாவின் கதைக்கு வருகிறேன். களுதாவளையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார், தேத்தண்ணியும் வேண்டாமென்றார். உனக்குப் பேசிக்கொண்டிருக்கிற பெண்வீட்டார், மாப்பிள்ளையின் தாய் பொழுதுபட்ட பிறகு வீடு வீடாகப் போகிறாராமே என்று விசாரித்தார்களாம், தனக்குத் தலைகுனிவாகிவிட்டதாம். இதையெல்லாம் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, நான் பக்கத்தில் நிற்க அப்பாவைப் பார்த்துச் சொன்னார், உன் மனைவியை ஒரு கட்டுக்குள் வை என்றார். அப்பா எப்போதும் அண்ணனுக்கு மறுத்துப் பேசாதவர், உனக்குத் தெரியும். அன்றைக்குக் கதிரையை விட்டு எழும்பாமலே, "அது அவட தொழில் அண்ணன், கேக்கிறதெண்டா அவவக் கேளுங்க" என்றார். பெரியப்பா என்னைக் கேட்கவில்லை, ஹெல்மட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதோடு விட்டிருந்தால் நானும் மறந்திருப்பேன். வவுணதீவில் ஒரு மருத்துவமாதுவின் வீட்டுக்கு ஓட்டுக்கூரை பார்க்க வருவதாக நேரம் கொடுத்திருந்தேன், பெரியப்பா குத்தகைக்குச் செய்கிற வயல் வட்டைக்குப் போகிற வழியில்தான் அந்த வீடு. நான் வெளிக்கிடுகிற நேரம் அந்தப் பிள்ளை போன் எடுத்து, உங்கள் கணவரின் அண்ணன் வந்து, நீங்கள் இனி இந்த வேலைக்கு வரமாட்டீர்களென்றும் வேறு ஆளைப் பார்க்கும்படியும் சொல்லிவிட்டுப் போகிறார் என்றது. ஆனாலும் ஸ்கூட்டியை எடுத்தேன். வலையிறவுப் பாலத்தில் நிற்பாட்டினேன், வெயில் அடங்கிக்கொண்டு வந்தது, நீ போனில் போட்ட சத்தம் காதுக்குள்ளேயே இருந்தது, கிறுகித் திரும்பி வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். என் கலியாணத்தைக் கெடுத்துப் போடாதீர்கள் என்று நீ சொன்னாயே, அந்தச் சொல்தான் பெரியப்பா செய்ததைவிடக் கூடுதலாக வலித்தது. கொஞ்ச நேரம் அழுதேன். அழுது முடியக் கோபம் வந்தது. என் வாயால் கொடுத்த நேரத்தை அழிக்க இன்னொருவருக்கு என்ன உரிமை? முகத்தைத் துடைத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டினேன்.

அந்தப் பிள்ளை கேற்றடியில் திகைத்துப்போய் நின்றது. "நான் வாறன் எண்டு சொன்னா வருவன் புள்ள. வரமாட்டன் எண்டாலும் நானேதான் சொல்லுவன். வேற ஆர் வந்து சொன்னாலும் காதில எடுக்காத" என்றேன். உள்ளே கூட்டிக்கொண்டு போய் விளக்கைப் போட்டது. ஓட்டைத் தாங்குகிற மூன்று சிலாகை உளுத்திருந்தது, அடுத்த மழைக்கு முன் மாற்றவேண்டும் என்று சொல்லி அளந்துகொண்டு வந்தேன், மறுநாளே வேலைக்குச் சம்மதம் சொல்லிவிட்டது. அடுத்த நாள் ரதீஸைக் கூப்பிட்டு வீட்டு முன்மதிலில் பெரிய எழுத்தில் எழுதச் சொன்னேன். வீடு திருத்த வேலைகள், மாலை ஆறு முதல் எட்டு வரை வீட்டுக்கு வந்து எஸ்டிமேட் தரப்படும், தொடர்புக்கு அஜந்தா, கீழே என் நம்பர். அப்பாவின் பெயரையும் போடுவோமா என்று ரதீஸ் கேட்டான். போகிறது யார் என்று அப்பாவே திருப்பிக் கேட்டார். இந்த மதில் என் அம்மா எனக்குச் சீதனமாகத் தந்த வளவின் மதில், இதில் என் பெயரை எழுத நான் யாரிடமும் கேட்கத் தேவையில்லை.

இதைப் பெரியப்பா உனக்குச் சொல்லியிருக்கமாட்டார், அதனால் நான் சொல்கிறேன். மதிலில் எழுதி ஒரு கிழமைக்குள் பெரியம்மா போன் எடுத்தார். குசினிக் கூரை ஒழுகி அடுப்புக்குள் தண்ணீர் விழுகிறதாம், பெரியப்பா கூட்டிவருகிறேன் என்ற ஆள் மாதக்கணக்கில் வரவேயில்லையாம், பகலில் தான் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சமைக்கப் போவதால் பின்னேரம் வந்து பார்க்க முடியுமா என்றார். எல்லாருக்கும் கொடுக்கிற மாதிரி ஒரு நேரம் கொடுத்தேன், அந்த நேரத்துக்குப் போனேன். பெரியப்பா முன்னறையில் டீவியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார், என்னைக் கண்டும் காணாதது போல் இருந்தார். ஏணியைக் குசினிச் சுவரில் சாத்தினால் தரை வழுக்கியது, பெரியம்மாவுக்குக் கையில் பலமில்லை. பெரியம்மா முன்னறையைப் பார்த்து, "டீவிய நிப்பாட்டிப்போட்டு வந்து ஏணியப் புடிங்க" என்றார். சத்தமாகவும் சொல்லவில்லை. பெரியப்பா வந்தார். நான் மேலே ஏறிக் கூரைச் சீற்றைத் தட்டிப் பார்த்து முடியும்வரை ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் நின்றார், அதையும் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன், கை விடவில்லை. இறங்கின பிறகு எத்தனை நாள் பிடிக்கும் என்று என்னையே நேராகப் பார்த்துக் கேட்டார். சொன்னேன். மன்னிப்பும் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. வேலை போன வியாழனோடு முடிந்தது.

பெண்வீட்டாரிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. வந்தால் சந்தோசம். பேச்சுக்குப் போகிற அன்று நான் என்ன தொழில் செய்கிறேன், எந்த நேரத்தில் செய்கிறேன் என்பதை அந்தப் பிள்ளையின் தாயிடம் நானே என் வாயால் சொல்வேன், பெரியப்பாவின் வாயால் போகவேண்டாம். அதைக் கேட்டு மறுப்பார்களென்றால் மறுக்கட்டும், அந்தப் பிள்ளை கெட்டிக்காரியாக இருந்தால் மறுக்காது. நீ என் பிள்ளை, உன்மேல் எனக்கு ஒரு கோபமுமில்லை, தூரத்தில் இருக்கிறவனுக்குக் காதில் விழுகிறதெல்லாம் பெரிதாகத் தெரியும். ஆனால் இனி இந்தக் கதையை எடுத்து எனக்குக் கட்டளை போடாதே, எப்படிப் போகிறாய், பயமாக இருக்கிறதா என்று கேள், பதில் சொல்கிறேன். பயம் இருக்கத்தான் செய்கிறது, நாய்க்குப் பயம், மழை இருட்டில் பள்ளத்துக்குப் பயம்.

உச்சி வெயிலில் வெளி வேலை வந்தால் தலையை மூடிக்கொள், தண்ணீரை மறக்காதே, கடைச் சாப்பாட்டை நம்பி இருக்காமல் ஒரு பருப்பென்றாலும் காய்ச்சிச் சாப்பிடு. கூனியைப் பூட்டி வைக்காமல் அறையில் இருக்கிற பிள்ளைகளுக்கும் கொடு. பிள்ளையாரும் கண்ணகி அம்மனும் உன்னை எந்தக் குறையும் அணுகாமல் காக்கட்டும், நினைத்தது கைகூடி நீடு வாழ வேண்டும். சித்திரைக்கு லீவு கிடைத்தால் வருகிற திகதியை நேரத்தோடு அறிவி. கொழும்பிலிருந்து வருகிற பஸ் பின்னேரம்தான் இங்கு வந்து சேரும், அந்த நேரம் நான் கேற்றடியில் நிற்பேன் என்று எதிர்பார்க்காதே. அப்பா கதவைத் திறப்பார், மேசையில் சோறு மூடியிருக்கும், நீ சாப்பிடத் தொடங்கு, நான் வீடு பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உன் மேல் உயிராயிருக்கும் அம்மா,
வி. அஜந்தா